ஒத்திகை பார்க்காத இரவுகள்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் திருவிழாவுக்கு நாடகம் என்றால் அது ஸ்பெஷல் நாடகம்தான். ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார். ஸ்திரிபார்ட் மதுரை. பபூன் ஒரு ஊர், அவரோடு டான்ஸ் காமிக் பண்ணும் அம்மா இன்னொரு ஊர். ஆர்மோனியக்காரர் முந்தின இரவு காரைக்குடிப் பக்கம் வாசித்துவிட்டு, பஸ்ஸில் தூங்கியபடியே வந்து இறங்குவார். கம்பெனி என்று எதுவும் கிடையாது. ஆளாளுக்குத் தேதி கேட்டு, தனித்தனியாக அட்வான்ஸ் கொடுத்து ஊர்க்காரர்களே சேர்க்கிற செட் அது. மேடைக்குப் பின்னால் தட்டி கட்டிய மேக்கப் கொட்டகையில்தான் நடிகர்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். சிலருக்கு அதுவே முதல் சந்திப்பாகவும் இருக்கும். இரவு பத்து மணிக்கு ஆர்மோனியப் பெட்டி வாசிக்க ஆரம்பித்தால் விடியும்வரை நாடகம். ஒத்திகை என்ற பேச்சே இல்லை.

எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். எண்பதுகளில் ஊர்த் திருவிழாவுக்கு நாடகம் பேசிவிடுகிற பொறுப்பு பெரியப்பாவுடையது. மாசி பிறந்ததும் மஞ்சள் பையில் ஊர்ப் பணத்தை வைத்துக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறுவார். பள்ளிக்கூடம் இல்லாத நாளாக இருந்தால் நானும் கூடப் போவேன். நாடக நடிகர் சங்கத்தில் விசாரித்து, ஏஜெண்டைப் பார்த்து, நடிகர்களின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டைரியைப் புரட்டச் சொல்லித் தேதி வாங்குவார். பங்குனியும் சித்திரையும் நடிகர்களுக்கு மூச்சு விட நேரமில்லாத மாதங்கள். நல்ல பபூனுக்கு முன்கூட்டியே அட்வான்ஸ் போகவில்லை என்றால் வேறு ஊர் கொத்திக்கொண்டு போய்விடும்.

ஆள் சேர்ப்பதில் பெரியப்பாவுக்கு ஒரு கணக்கு இருந்தது. குரல் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் அவர் பார்க்கவில்லை. "இந்த நாரதருக்கு இந்த வள்ளி ஈடு குடுக்குமா?" என்று யோசிப்பார். ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காத இரண்டு பேரைத் தேடிப் பிடித்துச் சேர்த்துவைப்பார். போன வருஷம் எந்த ஊரில் யார் யாரை மடக்கினார் என்பது அவருக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் விரல் நுனியில் இருந்தது. நோட்டீஸ் அச்சாகி வந்ததும் டீக்கடையில் விரித்து வைத்து, வட்ட வட்டமான போட்டோக்களைத் தொட்டுக் காட்டி, வரப்போகிற இரவைப் பேசியே பாதி நடத்திவிடுவார்கள். இந்த நாடகத்துக்கு டைரக்டர் கிடையாது என்பார்கள். நோட்டீஸ் போடும்போதே எங்கள் ஊர் பெருசுகள் அந்த வேலையை முடித்துவிடுவார்கள் என்பேன் நான்.

பபூன்தான் எல்லாருக்கும் முன்னால் வருவார். ஒரு வருஷம் வந்தவர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒல்லியான ஆள், கக்கத்தில் ரெக்சின் பை. மத்தியானமே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். கண்மாயில் தண்ணீர் கிடக்கிறதா, மீன் பாசி ஏலம் யார் எடுத்தது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அது நிற்குமா நிற்காதா என்று சாவகாசமாகக் கேட்டார். வெற்றிலை இடிக்கிற கிழவி ஒருத்தியை, "அப்பத்தா, இந்த ஊருக்கு நீ வாக்கப்பட்டு வந்தியா, பொறந்ததே இங்கதானா?" என்று கேட்டு அரை மணி நேரம் பேச வைத்தார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை. இரவு மேடையில் கிழவியின் பேச்சு, ஏலத்தில் நடந்த சண்டை, நிற்காத பஸ் எல்லாம் ஒவ்வொன்றாக அவர் வாயிலிருந்து வந்தன. எங்கள் ஊரை எங்களுக்கே காட்டினார்.

அன்றைக்கு ராஜபார்ட் வந்த பஸ் கொட்டாம்பட்டிக்கு அந்தப் பக்கம் நின்றுபோனது. பபூன் காமிக் முடிந்து, டான்ஸ் காமிக் முடிந்து, கதை ஆரம்பிக்க வேண்டிய நேரம். பெரியப்பா மேடை ஓரமாகப் போய் ஏதோ சொன்னார். பபூன் தலையை மட்டும் ஆட்டினார். தோள் துண்டை எடுத்துக் கண்டக்டர் பை மாதிரி குறுக்கே மாட்டிக்கொண்டு, விசில் ஊதி, எங்கள் ஊரில் நிற்காத அந்தக் கடைசி பஸ்ஸை மேடையில் ஓட்ட ஆரம்பித்தார். கண்டக்டர் அவர். டிரைவர் அவர். கூடையோடு ஏறுகிற அப்பத்தா அவர். டிக்கெட் எடுக்காத கடா ஆடும் அவர்தான். ஆல்ரவுண்ட் வாசிக்கிறவர் கியர் மாற்றுகிற சத்தத்தை டிரம்மில் கொண்டுவந்தார். மேட்டில் ஏற முடியாமல் எஞ்சின் திணறுவதை ஆர்மோனியக்காரர் துருத்தியை மெல்ல மெல்ல இழுத்துக் காட்டினார். மேடை ஏறுகிறவரை இப்படி ஒரு பஸ் ஓடப்போகிறது என்று மூவரில் ஒருவருக்கும் தெரியாது. நடுநடுவே பத்து ரூபாய் அன்பளிப்புகள் வந்தன. "மேலத்தெரு அண்ணன் பத்து ரூபா டிக்கெட் எடுத்திருக்காரு, சீட்டு இல்ல, படியில நில்லுங்கண்ணே" என்று அவற்றையும் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டார். எவ்வளவு நேரம் ஓட்டினார் என்று யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. படுதாவின் ஓரத்தை மேக்கப்காரர் இரண்டு விரலால் தூக்கிக் காட்டியதும் பபூன் நீளமாக ஒரு விசில் கொடுத்தார். "ராஜா இறங்குற ஸ்டாப்பு வந்துருச்சு, வழி விடுங்கப்பா!" என்றார். ராஜபார்ட் முகத்தில் ரோஸ் பவுடர் காயாமல் பாடிக்கொண்டே வந்து இறங்கினார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

இதெல்லாம் நினைத்ததைப் பேசிவிட்டுப் போகிற கலை என்று எண்ணிவிடக் கூடாது. அடியில் கெட்டியான பாடம் இருக்கிறது. அந்தப் பாடத்தைப் போட்டுக்கொடுத்தவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள் என்று அவர் எழுதிய நாடகங்கள் அறுபதுக்கு மேல் என்பார்கள். அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று அவரிடம் பயின்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

சுவாமிகளின் கதையில் என்னை எப்போதும் நிறுத்திவைக்கிற இடம் ஒன்று உண்டு. பெரிய நடிகர்கள் பாடத்தை விட்டு விலகி இஷ்டத்துக்குப் பேசுவதும், மேடையில் ஒருவரையொருவர் கவிழ்க்கப் பார்ப்பதும் அவருக்குப் பிடிக்கவில்லை. கட்டுப்பாடு வேண்டும் என்றுதான் சிறுவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். 1918-ல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபைக்கு வந்து சேர்ந்த பிள்ளைகளில் டி.கே.எஸ். சகோதரர்களும் உண்டு. அவர்களில் ஒருவரான டி.கே. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. சொன்னதைச் சொன்னபடி பேசுகிற பிள்ளைகள்! 1922-ல் புதுச்சேரியில் சுவாமிகள் காலமானார். மறு ஆண்டே மதுரையில் நாடக நடிகர் சங்கம் உண்டாயிற்று. பாலர் கம்பெனிகள் ஒவ்வொன்றாகச் சினிமாவுக்குள் போய் மறைந்தன. சுவாமிகளின் பாடல்களை இன்றுவரை இரவெல்லாம் பாடிக்கொண்டிருப்பவர்கள், மேடையில் ஒருவரையொருவர் மடக்குகிற அந்த ஸ்பெஷல் நாடகக்காரர்கள்தான். சங்கத்தில் இன்றும் அவரைக் குருவாக வைத்துப் பூஜை செய்கிறார்கள். எந்த ஊர் நடிகராக இருந்தாலும் அவர் பாட்டும் விருத்தமும் மனப்பாடம். அந்தப் பொதுப் பாடம் இல்லை என்றால், முன்பின் தெரியாத எட்டுப் பேர் ஒரே மேடையில் நின்று ஒரு கதையை விடியும்வரை கொண்டுபோக முடியாது. கட்டுப்பாடு வேண்டும் என்று அவர் எழுதிவைத்ததுதான் இவர்களுடைய சுதந்திரத்துக்குக் காலடி மண்.

அதைக் காதால் அறிய வேண்டுமானால் வள்ளி திருமணத்தில் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கிற தர்க்கத்தைக் கேட்க வேண்டும். நாரதர் தினைப்புனத்துக்கு வந்தாக வேண்டும், வள்ளியிடம் முருகனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது பாடம். நடுவில் இருவரும் என்ன கேட்பார்கள், எப்படி மடக்குவார்கள் என்பதற்குப் பாடம் கிடையாது. இல்லறமா துறவறமா, ஆண் பெரிதா பெண் பெரிதா என்று ஆரம்பித்துப் புராணம், இலக்கணம், நாட்டு நடப்பு என்று எங்கெங்கோ போகும். எங்கள் பக்கம் பெரியாறு கால்வாயின் கடைமடை. தண்ணீர் வருவதே பெரிய பேச்சு. ஒரு வருஷம் வள்ளியாக வந்த அம்மா சட்டென்று கேட்டார்: "மூணு லோகமும் சுத்துறீங்களே சுவாமி, இந்த ஊரு கண்மாய்க்கு எப்பத் தண்ணி வரும்னு சொல்லுங்க பாப்போம்?" நாரதர் ஒரு நொடி தம்புராவைப் பார்த்தார். "நான் மூணு லோகத்தையும் தாண்டிருவேன் தாயே, நடுவுல இருக்கிற மதகுகளைத்தான் தாண்ட முடியல!" பொட்டல் அதிர்ந்தது. அந்த அம்மா விடவில்லை. "அப்ப அடுத்த தடவை தம்புராவோட வராதீங்க சுவாமி, மோட்டாரோட வாங்க." அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நாரதர் கடைசிச் சொல்லை இழுத்து, கொஞ்சம் மேலே ஏற்றி நிறுத்தினார். ஆர்மோனியக்காரர் எந்தப் பாட்டு என்று கேட்கவில்லை. அந்த இழுப்பிலேயே பாட்டும் ராகமும் அவருக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர்ப் பிரச்சினையிலிருந்து தினைப்புனத்துக்கு அவர்கள் திரும்பிவந்த வழியில் ஒரு தையல்கூடத் தெரியவில்லை.

பெட்டிக்காரருக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டிய பெயர் கிடைப்பதில்லை. நடிகர் எந்தக் கட்டையில் பாடுவார், தொண்டை கட்டியிருக்கிறதா, இன்றைக்கு மேல் ஸ்தாயிக்குப் போவாரா மாட்டாரா, எல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். நடிகர் தடுமாறினால் அடுத்த அடியின் மெட்டை விரலால் எடுத்துக் கொடுப்பார். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் இரவு முழுவதையும் தூக்கிச் சுமக்கிறவர் அவர்.

டான்ஸ் காமிக் ஆடும் பெண்களைப் பற்றி எழுதாமல் இருந்தால் நான் இதை எழுதத் தகுதியில்லாதவன். பபூனும் டான்ஸும் வழியில் எதிரெதிரே வந்து மோதிக்கொள்வார்கள், வம்பு வளரும், ஆணுக்கும் பெண்ணுக்கும் போட்டிப் பாட்டு, கடைசியில் காதல். எலும்புக்கூடு இவ்வளவுதான். வெகுகாலமாக இதேதான். அதன்மேல் ஏறுகிற சதை ஒவ்வொரு ஊரிலும் புதிது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு எதிராளி பபூன் மட்டுமில்லை. குடித்துவிட்டு முன்வரிசையில் நிற்கிறவனையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டும். ஒருத்தன் பந்தக்கால் ஓரமிருந்து, "ஏ புள்ள, இங்கிட்டுக் கொஞ்சம் பாரு" என்று கத்தினான். ஆடிக்கொண்டிருந்தவர் நின்றார். கையைப் புருவத்தில் வைத்து இருட்டுக்குள் பார்த்தார். "யாரு, அங்கிட்டு நிக்கிறது நம்ம அண்ணனா? தங்கச்சிக்குச் சீர் கொண்டாந்திருக்கீகளாண்ணே? வெறுங்கையோட வராதீக, தட்டோட வாங்க!" பபூன் உடனே கையெடுத்துக் கும்பிட்டார்: "வணக்கம் மச்சான்!" ஊர் முழுக்க அவனை மச்சான் என்று கூப்பிட்டுச் சிரித்தது. அவன் போன இடம் தெரியவில்லை. யோசிக்க நேரமில்லாத அந்த நொடியில் ஒரு முறையைப் போட்டு அவனைக் கட்டி உட்கார வைத்துவிட்டார் அந்த அம்மா.

அதே ஊரில், விடிந்த பிறகு அவரைக் "கூத்தாடி" என்று சொன்னவர்கள் இருந்தார்கள். இரவெல்லாம் சிரித்த வாய்கள்தான். என் பெரியம்மா அவரை வீட்டுக்குக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்து, "பிள்ளைகளை யாருகிட்ட விட்டுட்டு வந்திருக்கம்மா?" என்று கேட்டார். அவர் முகத்தில் பவுடரும் கண்ணீரும் கலந்து இறங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சூசன் சைஸர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மதுரையில் தங்கி, இந்தக் கலைஞர்களோடு ஊர் ஊராகப் போய் ஆராய்ந்து, 2005-ல் பெரிய புத்தகமே எழுதினார். ஸ்பெஷல் நாடகக்காரர்கள்மேல் ஏற்றப்பட்ட இழிவும், அதற்கு நடுவில் இந்தப் பெண்கள் மானத்தோடு நடமாடுகிற விதமும்தான் அந்தப் புத்தகத்தின் உயிர். அதைப் படித்தபோது எனக்குப் பெரியம்மா வீட்டுத் திண்ணை நினைவுக்கு வந்தது.

எழுதிவைக்காத பேச்சைக் கண்டு அரசாங்கங்கள் பயந்திருக்கின்றன. சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த நாடக நடிகர் விஸ்வநாததாஸ் முருகன் வேஷத்தில் தேசியப் பாட்டுப் பாடினார். வள்ளி திருமணத்தில் பறவை விரட்டுகிற கட்டம் அவருக்கு வாகாக அமைந்தது. வெள்ளைக் கொக்கை விரட்டுவதாகப் பாடினால் யாரை விரட்டச் சொல்கிறார் என்று பொட்டலில் உட்கார்ந்திருக்கும் சம்சாரிக்கும் தெரியும், மேடைக்குக் கீழே நிற்கிற போலீஸுக்கும் தெரியும். பாடலாசிரியர் மதுரகவி பாஸ்கரதாஸின் பாட்டுகள் இப்படித்தான் மேடை மேடையாகப் பரவின. 1876-ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் கையில் இருந்தும், நாடகத்தில் இல்லாத பாட்டு நடு இரவில் நாடகத்துக்குள் வருவதை வெள்ளைக்காரனால் முன்கூட்டித் தடுக்க முடியவில்லை. பாடி முடித்த பிறகு கைதுதான் செய்ய முடிந்தது. பலமுறை செய்தான். மருத்துவர் சாதியில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு ஜோடி சேர மறுத்தவர்களும் உண்டு. அந்த அவமானத்தையும் சுமந்துகொண்டுதான் பாடினார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகிறவர்கள் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

சுதந்திரம் வந்த பிறகும் பயம் போகவில்லை. மதுரை ஜெகந்நாதய்யர் கம்பெனியில் சிறுவனாக இருந்த எம்.ஆர். ராதா, அன்றைய பேப்பர் செய்தியை அன்றிரவே வசனமாக்குவார். அவரை மனதில் வைத்துத்தான் 1954-ல் சென்னை ராஜ்யத்தில் புதிய நாடகச் சட்டமே வந்தது. எழுதிய பிரதியை முன்கூட்டியே காட்டு என்றார்கள். ஸ்பெஷல் நாடகக்காரர் எதைக் காட்டுவார்? நாடகக்காரரும் பத்திரிகையாளருமான ஞாநி தொடுத்த வழக்கில் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்வதற்கு 2013 ஆயிற்று.

அமெரிக்காவில் சிகாகோ நகரத்துக்காரர்கள் முன்தயாரிப்பில்லாத நகைச்சுவை நாடகத்தைத் தங்கள் ஊரின் அடையாளமாகச் சொல்கிறார்கள். 1959-ல் அங்கே தொடங்கிய செகண்ட் சிட்டி அரங்கத்துக்கு உலகப் பெயர். பயிற்சிப் பள்ளி, புத்தகங்கள், வரலாறு எல்லாம் உண்டு. மதுரைக்கும் அப்படி ஒரு பெயர் கிடைத்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பேச்சுக்குப் பேச்சு மடக்குவதை ரசிக்கத் தெரிந்த ஊர் இது. அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த சாலமன் பாப்பையாவின் பட்டிமன்றத்தில் பேச்சாளர்கள் எதிரணியின் சொல்லை எடுத்து அவர்கள்மேலேயே திருப்புகிறபோது, எனக்கு நாரதர் தர்க்கம் கேட்கிறது. மதுரையில் பிறந்த வடிவேலு விழுந்து எழுந்து, தன் அடியைத் தானே வர்ணிக்கிறபோது பபூனின் நடை தெரிகிறது. யாரிடம் யார் கற்றார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இந்த மண்ணின் காது விடிய விடிய இதைக் கேட்டு வளர்ந்தது என்பதுதான் என் எண்ணம்.

சீசன் இப்போது மெலிந்துவிட்டது. பல ஊர்களில் ஆடல் பாடல் நிகழ்ச்சி நாடகத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒலிபெருக்கிக்கு இரவு பத்து மணிக் கட்டுப்பாடு, போலீஸ் அனுமதி, அதற்காகக் கோர்ட்டுக்கு நடை என்று கமிட்டிக்காரர்களுக்கு அலைச்சல் கூடிவிட்டது. 2020-ல் பங்குனியில் ஊரடங்கு வந்து அந்த வருஷத்துப் பிழைப்பையே அடித்துக்கொண்டு போனது. நாலைந்து மாத வருமானத்தில் வருஷம் முழுக்கச் சாப்பிடுகிறவர்கள் அவர்கள். சுவாமிகளின் நாடகங்கள் அச்சில் இருக்கின்றன. பபூன்கள் மேடையில் உண்டாக்கியதில் பெரும்பகுதி கேட்டவர்கள் நினைவோடு போய்விட்டது. இப்போது சிலர் செல்போனில் பிடித்து யூடியூபில் போடுகிறார்கள். தர்க்கம் மட்டும் மணிக்கணக்கில் கிடைக்கிறது. ஒரு பல்கலைக்கழகமாவது இவற்றை ஒழுங்காகச் சேகரித்து, யார் பேசியது, எந்த ஊர், எந்த வருஷம் என்று குறித்துவைக்க வேண்டும். காலம் கடந்துகொண்டிருக்கிறது.

அண்மையில் எங்கள் ஊரில் மறுபடி நாடகம் போட்டோம். பெரியப்பா இல்லை. அவர் மகன், என் அண்ணன்தான் பேசிவிட்டான். பபூனாக வந்தவர் இருபத்தைந்து வயதுப் பையன். மத்தியானமே வந்து டீக்கடையில் உட்கார்ந்து, கண்மாயைப் பற்றி விசாரித்தார். இரவு, ஆர்மோனியப் பெட்டியின் முகப்பில் கியூஆர் அட்டையைச் சாய்த்துவைத்து, துபாயிலிருந்து அன்பளிப்பு அனுப்பிய எங்கள் ஊர்ப் பையனின் பெயரைப் போனில் படித்து, அவன் அங்கே ஒட்டகத்தோடு பேசுகிற மாதிரி அப்போதே ஒரு காட்சி நடித்துக் காட்டினார். பையனின் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

காலையில் சம்பளம் கொடுக்கும்போதே அண்ணன் அடுத்த வருஷத்துக்குத் தேதி கேட்டான். பபூன் சட்டைப்பையிலிருந்து டைரியை எடுத்துக் குறித்துக்கொண்டார். "டான்ஸுக்கு யாரப் போடலாம் தம்பி, உங்களுக்குத் தோதா?" என்று கேட்டதற்குச் சிரித்தார். "யாரா இருந்தாலும் சரிண்ணே. எனக்குச் சமமா வாயாடுற அக்காவாப் பாத்துப் போடுங்க. பேரை மட்டும் முன்னாடியே சொல்லிறாதீங்க."

அண்ணன் அங்கேயே நின்று ஏஜெண்டுக்குப் போன் போட்டான்.